நீலியின் மூக்கு வாசல் பக்கம்

செப்டம்பர் 2

சின்னவளுக்கு,

போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயும்தான் கத்தினாய். நடுவில் அம்மா உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊர் சண்டையெல்லாம் காதால கேட்டவ நான். போன்ல ஆரம்பிச்ச சண்டை ஒண்ணுகூட போன்ல முடிஞ்சதில்ல. இந்த வண்டி விஷயத்த இனிமே ரெண்டு பேரும் எழுதித்தான் பேசணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அம்மாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பது என் தம்பியைக் கட்டிக்கொண்ட இத்தனை நாளில் உனக்கே தெரிந்திருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

போன மாதம் ஆற்றுத் தண்ணீர் உங்கள் சந்து முனைக்கு வந்தபோது, நடக்க முடியாத என் அம்மாவை நான்கு பேர் ஒரு மேசைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் கார் நிற்கிறது. உன் கைப்பையில் லைசென்ஸ் இருக்கிறது. அம்மா மட்டும் மேசையில் போகிறாள். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. எங்கோ நடுக்கடலில் கப்பல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கேட்டதும்தான் உனக்குப் போன் போட்டேன்.

நான் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளி. ஆபத்து வந்தபிறகு அலமாரியைத் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அக்டோபர் 25 அன்று லீவு போட்டு வருகிறேன். கட்டிலருகே நின்று பார்ப்பேன். அம்மாவைக் கட்டிலிலிருந்து எடுத்து, காரில் ஏற்றி, மேட்டுப் பள்ளிக்கூடம் வரை நீ யார் உதவியும் இல்லாமல் கொண்டுபோக வேண்டும். முடிந்தால் அம்மா உன்னோடு இருக்கட்டும். முடியாவிட்டால் என்னோடு வந்துவிடட்டும்.

இன்றிலிருந்தே இரண்டு விஷயம். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டியின் மூக்கு எப்போதும் வாசல் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஓடுகிற நேரத்தில் யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிகளில் வருகிறது.

உன் நாத்தனார்

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

அது வெறும் மேசை இல்லை. என் கட்டிங் மேசை. நான் துணி வெட்டுவதற்காகச் செய்யச் சொன்னது, தேக்கு. அத்தை அதன்மேல் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, சந்தில் நின்றவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனார். இன்றுவரை தெருவில் யார் வந்தாலும் அந்த ஊர்வலத்தைச் சொல்லிக்காட்டாமல் அனுப்புவதில்லை. உங்களிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் இப்படி ஒரு கடிதம் வரும் என்று பயந்தேன். வந்துவிட்டது.

காரை எடுக்க முடியாததற்குக் காரணம் நான் இல்லை, சந்து. எங்கள் சந்து முட்டுச்சந்து. உள்ளே நேராக வந்தால் பின்னாலேயேதான் போக வேண்டும். அன்று மழையில் பின் கண்ணாடி முழுக்கப் புகை மூடியது போல ஆகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லைசென்ஸ் வாங்கியவளுக்கெல்லாம் ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் மனசு பெரிய மனசு.

நீங்கள் சொன்னபடி, கடிதம் வந்த நாளிலிருந்து மூக்கை வாசல் பக்கம் வைக்கிறேன். அதாவது ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் சந்து முழுவதையும் ரிவர்ஸில் வருகிறேன். முதல் நாள் ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டாம் நாள் எதிர் வீட்டு ரோஜாத்தொட்டி. எதிர் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என் ஹாரன் கேட்டதும் வெளியே வந்து தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மாமியாரை நாத்தனார் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால், மருமகள்கள் பெட்டியே கட்டிக் கொடுப்பார்கள் என்று ஊரில் பேச்சு. நான் அப்படி இல்லை. உங்கள் தம்பி வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருக்கிறார். இந்த வீட்டில் என்னோடு சண்டை போட, சீட்டாட, நான் தைத்த ரவிக்கைக்குக் குறை சொல்ல அத்தை ஒருவர்தான். அவரை நான் விடுவதாக இல்லை. 25ஆம் தேதி வாருங்கள்.

சின்னவள்

செப்டம்பர் 10

சின்னவளுக்கு,

வாய் இருக்கிறது. கையும் அதே அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்போம்.

இந்தக் கடிதத்துக்கு முன்பே பெட்டிகள் வந்திருக்கும். கம்பளி, தண்ணீர் கேன், டார்ச், விசில், ரப்பர் பூட்ஸ், கட்டுப்போடும் துணி, கயிறு, பாட்டரிக்கு உயிர் கொடுக்கும் கேபிள், சின்னத் தீயணைப்பான், கண்ணாடி உடைக்கிற சுத்தியல், அம்மாவின் மாத்திரை ஒரு வாரத்துக்குத் தனி டப்பாவில். சுத்தியலை டிக்கியில் போடாதே. வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் டிக்கிக்கா போவாய்? கைக்கு எட்டும் இடத்தில் வை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார். எல்லாரும் நாலு டயரையும் பார்ப்பார்கள், அஞ்சாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதையும் குறைக்காதே. என் காரிலும் இதேதான் இருக்கிறது. என் வண்டி அடுக்குமாடியின் தரைக்கடியில் நிற்கிறது. வெயில் படாது, மழை படாது. ரிமோட்டை அமுக்கினால் ஷட்டர் தானாக மேலே போகும். உன்னை மாதிரி ரோஜாத்தொட்டிகளுக்கு நான் எமன் ஆவதில்லை.

அம்மா மாத்திரை சாப்பிடுகிறாளா? உண்மையை எழுது.

நாத்தனார்

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறுத்து இன்னொன்று கேட்கிறார்.

முதல் ஒத்திகை நேற்று நடந்தது. நடந்தது என்றா சொல்ல வேண்டும்? உங்கள் பெட்டிகளை எல்லாம் நீலிக்குள் அடுக்கினேன். (அத்தை காருக்கு நீலி என்று பெயர் வைத்துவிட்டார். நீல நிறம், அழுத்தக்காரி, அடிக்கடி மக்கர் பண்ணும். பொருத்தமான பெயர்.) கேன், கம்பளி, கயிறு, பூட்ஸ், ஒன்றையும் விடவில்லை. டிக்கி நிறைந்தது. பின் சீட் நிறைந்தது. உங்கள் ஒழுங்குக்குக் குறைவில்லாமல் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு, பெருமையோடு கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். அத்தை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன் அத்தை."

"அப்ப டார்ச்ச முன் சீட்ல உக்கார வச்சு பெல்ட்டு போட்டு விடு. நான் இங்கயே இருந்துக்கறேன். நாற்காலிய எங்க வைப்ப?"

யாரைக் காப்பாற்றுவதற்கு இத்தனை சாமானோ, அவருக்கும் அவர் நாற்காலிக்கும் மட்டும் இடம் இல்லை. கடைசியில் ஒருவழியாக அத்தையை ஏற்றி, நாற்காலியை மடித்து அவர் மடியிலேயே வைத்தேன். சந்து முனைவரை போவதற்குள் "நான் உக்கார்ற நாற்காலி என்மேல உக்காந்திருக்கு" என்று சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்புறம், கோபப்படாதீர்கள். திரும்பி வரும்போது இடப்பக்கக் கண்ணாடி மதில் சுவரோடு போயிற்று. புதுக் கண்ணாடி வர நாளாகுமாம். அதுவரை அத்தைதான் என் இடப்பக்கக் கண்ணாடி. முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எக்ஸ்சேஞ்சில் பேசிய அதே குரலில் சொல்கிறார்: "லைன் காலி." சைக்கிள் வந்தால், "லைன் பிஸி, காத்திருங்க." நான் காத்திருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் இருந்தால் எனக்குப் பயமே வருவதில்லை.

சின்னவள்

செப்டம்பர் 20

சின்னவளுக்கு,

எழுபத்தாறு வயதுக்காரியின் தலையைக் கண்ணாடிக்குப் பதிலாக மாட்டியிருக்கிறாய். படித்துவிட்டு மருந்துக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

பின் சீட்டிலிருந்து கம்பளிப் பெட்டியை எடுத்துக் கூரைமேல் கட்டு. இல்லை, கம்பளி நனையும். நாற்காலியைக் கூரைமேல் கட்டு. அது நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். கிடங்கில் இருக்கிற எனக்குச் சாமான் கண்ணில் பட்ட அளவுக்கு ஆள் கண்ணில் படவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டு முறை படி. ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்காதே. முழங்கால் அளவுதான் என்று யார் சொன்னாலும் இறக்காதே. எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தண்ணீருக்குள் ரோடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது என்பார். அவர் எதற்கும் பயப்படாத ஆள். விளிம்பிலேயே நில். யார் கூப்பிட்டாலும் நில். நானே கூப்பிட்டாலும் நில்.

தம்பி சொன்னான், அம்மாவைத் தூக்குவதற்கு ஏதோ துணியில் தைத்துக்கொண்டிருக்கிறாயாம். மூட்டை தூக்குகிற மாதிரி என் அம்மாவைத் தூக்கப் போகிறாயா?

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். அம்மா இங்கே வந்தால் பத்திரம் என்று நான் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை. வேலை முடிந்து வந்து நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டு, டிவியை வெறும் சத்தத்துக்காக ஓட விடுகிறேன். உனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்றால் எனக்கும் வேண்டியிருக்கிறது. இதற்குப் பதில் எழுதாதே.

நாத்தனார்

செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதாதே என்று சொன்னதற்கு எழுதவில்லை. ஆனால் அந்தப் பத்தியைப் பலமுறை படித்தேன். அதைச் சொல்லலாம் இல்லையா?

இப்போது கேளுங்கள். முடிந்துவிட்டது அண்ணி, எல்லாம் சரியாகிவிட்டது. கூடாரத்துக்குப் போடுகிற கேன்வாஸ் துணியை வாங்கி இரட்டையாக மடித்து, பைகளின் தோள்வாருக்குப் போடுகிற தடித்த நாடா வைத்து நான்கு பக்கமும் கைப்பிடி போட்டு, ஒவ்வொரு கைப்பிடியிலும் பெட்டிபோல் குறுக்குத்தையல் போட்டேன். மூன்று ஊசி உடைந்தது. முதலில் அதில் இரண்டு மூட்டை அரிசியை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் எதிர் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பார்த்தோம். ரோஜாத்தொட்டிக்கு நஷ்ட ஈடாக இதுவும் செய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

கட்டிலில் அத்தைக்கு அடியில் அதை விரித்தேன். நாற்காலிக்கு நகர்த்தினேன். கார்க் கதவைத் திறந்து சீட்டின்மேல் ஒரு வழுக்குத் துணியைப் போட்டுக் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தேன். அத்தை அப்படியே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஒருத்தியே செய்தேன். "இன்னொரு தடவ" என்றார். செய்தேன். "இன்னொரு தடவ." ராட்டினத்தில் ஏறிய குழந்தை மாதிரி.

நாற்காலி கூரைமேல். கம்பளியும் கேனும் டிக்கியில். முன் சீட்டுகளின் முதுகில் பைகள் வைத்த துணி ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டு, சுத்தியல், டார்ச், விசில், மாத்திரை எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி செருகினேன். அஞ்சாவது டயரில் காற்றே இல்லை அண்ணி. நீங்கள் சொல்லாவிட்டால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

நேராக மேட்டுப் பள்ளிக்கூடம் போனோம். மணிக்கூண்டு வளைவில் அத்தை "லைன் காலி, லைன் காலி" என்று பாடவே ஆரம்பித்துவிட்டார். மேலே நின்று ஆற்றைப் பார்த்தோம். அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வந்து பார் என்று அதனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பும்போது சந்து முழுவதும் ரிவர்ஸ், எங்கும் உரசவில்லை. எதிர் வீட்டுக்காரர் தொட்டிகளை எடுக்காமலேயே நின்று பார்த்தார். இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

அத்தை ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "கரண்ட் போச்சுன்னா அந்த ஷட்டரு எப்படிடி தொறக்கும்?"

சின்னவள்

அக்டோபர் 4

சின்னவளுக்கு,

ஜெனரேட்டர் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். அவளுக்கு வேறு வேலை இல்லை.

நீ எழுதியதை ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் படித்துக் காட்டினேன். அந்தத் துணியைப் பார்க்க வேண்டும் என்கிறார். 25ஆம் தேதி என் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை. ஆனால் பெட்டி இப்போதே கட்டிவிட்டேன், ஒருத்திக்கான சின்னப் பெட்டி. அம்மாவின் சாமானுக்கென்று வைத்திருந்த பெரிய பெட்டியை அலமாரிமேல் திருப்பி வைத்துவிட்டேன். இதிலிருந்து நீ எதையும் முடிவு செய்துகொள்ளாதே.

இங்கே இரண்டு நாளாக மழை. நகரத்துக்கு மழை என்ன செய்துவிடும்.

நாத்தனார்

அக்டோபர் 19, உன் வீட்டுப் பின் அறை

சின்னவளே,

நீ அடுத்த அறையில் தைக்கிற சத்தம் கேட்கிறது. கூப்பிட்டால் வருவாய். அம்மாதான் விடவில்லை. "வண்டி விஷயம் எழுத்துலதான்னு சொன்னேன்ல" என்று என் மடியில் அட்டையை வைத்துப் பேனாவைக் கொடுத்துவிட்டு, தபால்காரி மாதிரி நாற்காலியில் காத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவள்தான் உன்னிடம் கொண்டு வரப்போகிறாள்.

முந்தாநாள் காலை என் வீட்டில் எழுந்தபோது தெருவில் தண்ணீர். கீழ்த்தளத்தின் காற்றுத் துவாரங்கள் வழியாக உள்ளேயும் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருக்கிற ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கிறது, இருட்டுவதற்குள் எல்லாரும் இந்தப் பகுதியைக் காலி செய்ய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு குஷிகூட இருந்தது. முழு டேங்க், அஞ்சு டயரிலும் காற்று, சுத்தியல், கம்பளி. இத்தனை நாள் பிறருக்குப் பாடம் எடுத்தவளுக்குப் பரீட்சை வந்துவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஷட்டருக்கு முன்னால் குடியிருப்பே நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு ரிமோட். எல்லாரும் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததும் முன்ஜாக்கிரதையாக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஷட்டருக்கு உள்ளே, கார்களோடு கார்களாக, தண்ணீரில். கையால் சுற்றித் திறக்கிற கைப்பிடி ஒன்று உண்டாம். அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எந்த ஊசி எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள் நான். என் வீட்டுக் கைப்பிடி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. என் முன்னேற்பாடு முழுவதும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

சின்னப் படிவழியாக உள்ளே இறங்கிப் பார்க்கலாம் என்று போனதில்தான் கணுக்கால் பிசகியது. உனக்குப் போன் பண்ணினேன். அம்மா எடுத்தாள். "தண்ணி வந்துருச்சு, ஷட்டர் தொறக்கலம்மா" என்று சொன்னதோடு லைன் போய்விட்டது. லாரிகள் வந்தன, குழந்தைக்காரர்களை முதலில் ஏற்றிக்கொண்டு போயின. அது நியாயம்தான். மறுபடி வருகிறோம் என்றார்கள். வரவில்லை. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, சின்னவளே. எழுத்தில்தானே, சொல்லிவிடலாம்.

அப்போது ரோட்டுச் சரிவில் ஒரு நீலக் கார், பின்பக்கம் முன்னால் வர இறங்கியது. யாரோ வழி தவறி வருகிறான் என்று நினைத்தேன். கூரைமேல் ஒரு சக்கர நாற்காலி. ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை. "லைன் காலி" என்கிற குரல் அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலும் கேட்டது. நான் உட்கார்ந்த இடத்தில் வாய்விட்டு அழுதேன்.

மிச்சத்தை நீ எழுது. நான் நடந்துகொண்டதை மட்டும் கொஞ்சம் பார்த்து எழுது.

நாத்தனார்

அக்டோபர் 19, தையல் அறை

அன்புள்ள அண்ணிக்கு,

பார்த்தெல்லாம் எழுத மாட்டேன். இந்த வாய்ப்பு ஆயுசுக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

போனை வைத்ததும் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னது இரண்டே வார்த்தை: "துணிய விரி." நான் மட்டும் போகிறேன் என்றேன். "இடப்பக்கம் யாரு பாக்கறது, உங்கப்பனா?" என்றார். அத்தை இல்லாமல் நான் நீலியை ஓட்டியதே இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து சீட்டு, நாற்காலி கூரைக்கு. கை தானாகச் செய்தது. மூக்கு வாசல் பக்கம் இருந்தது. எதிர் வீட்டுக்காரர் குடையோடு வெளியே வருவதற்குள் நாங்கள் சந்தைத் தாண்டிவிட்டோம்.

பெரிய ரோட்டில் நான் போனதே கிடையாது. நாலாவது கியர் என்று ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை மேப்பைத் திறக்கக்கூட இல்லை. அந்தக் காலத்தில் வெளியூர் அழைப்பு எந்த ஊர் எக்ஸ்சேஞ்சைத் தாண்டி எந்த ஊருக்குப் போகுமோ, அந்த வரிசையில் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர்ப்பலகைகளும் அதே வரிசையில் வந்தன. நகரத்து எல்லையில் போலீஸ்காரர் மறித்தார். அத்தை கண்ணாடியை இறக்கி, எக்ஸ்சேஞ்சுக் குரலில், "அவசர அழைப்பு. லைன விடுங்க தம்பி" என்றார். போலீஸ்காரர் கூரையைப் பார்த்தார், டிக்கியில் கம்பளியையும் கேனையும் பார்த்தார், டார்ச் அடித்து இருக்கைப் பைகளைப் பார்த்தார். "உங்க அளவுக்கு எங்க ஜீப்புலயே இல்லம்மா. தண்ணி விளிம்போட நின்னுக்கோங்க" என்று தடுப்பைத் தள்ளினார்.

உங்கள் தெருவின் சரிவைப் பார்த்ததும் இறங்கினால் திருப்ப இடம் இல்லை என்று தெரிந்தது. அச்சு அசல் எங்கள் சந்து. வழி முழுக்கப் பயந்து பயந்து வந்தவளுக்கு அங்கேதான் பயம் போயிற்று. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வித்தை அது. மேலேயே திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் இறங்கினேன்.

நீங்கள் படியில் நின்று, "கிட்ட வாடி, முழங்கால் தண்ணிதான், வாடி" என்று கத்தினீர்கள். நான் விளிம்பில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இறங்கித் தலையை ஆட்டினேன். "வர மாட்டேன் அண்ணி. நானே கூப்பிட்டாலும் நில்லுன்னு நீங்கதான் எழுதினீங்க." நீங்கள் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. அத்தை கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் அந்தத் தூக்குத் துணியையும், நீலியில் கட்டிய கயிற்றின் நுனியையும் நான்தான் தூக்கிப் போட்டேன். உங்கள் குடியிருப்புச் செயலாளரும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து, கயிற்றைப் பிடித்தபடி உங்களைத் தூக்கி வந்தார்கள். மூட்டை என்று எழுதியிருந்தீர்கள். மூட்டைகள் இவ்வளவு உத்தரவு போடாது.

கம்பளியும் கேனும் மேட்டு ரோட்டில் நின்றவர்களுக்குப் போய்விட்டன. பின் சீட்டில் நீங்களும் செயலாளரின் அம்மாவும் அவர் பூனையும் இருந்தீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

சின்னவள்

அக்டோபர் 21, பின் அறை

சின்னவளே,

25ஆம் தேதி பரீட்சை ரத்து. நான் கேட்டது அம்மாவை ஒரு மேடு வரை. நீ அம்மாவையும் வைத்துக்கொண்டு என்னையும் எடுத்து வந்திருக்கிறாய். அம்மா உன்னோடுதான். இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ஏரிக்கரையை அடைத்துவிட்டார்களாம். என் கார் இன்னும் தண்ணீருக்கடியில். வீடு மேல்தளம் என்பதால் பத்திரமாக இருக்கிறதாம். கால் சரியானதும் பஸ் பிடித்துப் போய்விடுவேன். கிடங்கு காத்திருக்கிறது.

அம்மா இதைப் படித்துவிட்டு என் தலையைத் தடவினாள். தோற்றுப்போனவளைத் தடவுகிற மாதிரி இல்லை.

நாத்தனார்

அக்டோபர் 21, தையல் அறை

அன்புள்ள அண்ணிக்கு,

பஸ்ஸா?

இரண்டு மாதம் அத்தை இங்கேயா அங்கேயா என்று எழுதித் தள்ளினோம். ஏன்? உங்கள் ஊர் எனக்குத் தூரம், என் ஊர் உங்களுக்குத் தூரம். அத்தை ஒரு பக்கம் இருந்தால் இன்னொரு பக்கம் இல்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது எனக்கு வழி தெரியும் அண்ணி. நாலாவது கியரும் தெரியும். உங்களைக் கொண்டுபோய் விட நானும் அத்தையும் வருகிறோம். ஒரு வாரம் இருப்போம். மெஷினைக் கொண்டுவர முடியாது, கைத்தையல் கொண்டு வருகிறேன். அடுத்த மாதமும் வருவோம், அதற்கடுத்த மாதமும். நீங்கள் வேலை முடிந்து வரும்போது அத்தை உள்ளேயிருந்து கேட்பார், யாரது என்று.

இதற்கும் பதில் எழுதாதே என்று சொல்லிவிடாதீர்கள்.

சின்னவள்

அக்டோபர் 22, பின் அறை

சின்னவளே,

விடிந்ததும் நொண்டிக்கொண்டே போய் நீலியைப் பார்த்தேன். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இருக்கிறது. இந்த லட்சணத்தில் மாதா மாதம் வருவாளாம். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வா, போய் நிரப்பிக்கொண்டு வரலாம். கம்பளியும் கேனும் புதிதாக வாங்க வேண்டும். இடப்பக்கக் கண்ணாடியாக இன்று நான் உட்காருகிறேன், அம்மா பின்னால் உட்காரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சரி, நானே பின்னால் உட்காருகிறேன்.

நாத்தனார்